ஒரு வாள்கூட உருவாமல் உலகையே ஜெயிக்கலாம்... தெரியுமா?

கம்ப்யூட்டர் கேம் என்றதும் துப்பாக்கியும் டமால் டுமீலும்தான் நினைவுக்கு வருகிறதா? கொஞ்சம் பொறுங்கள்! கோயில் கட்டி, நூலகம் கட்டி, ஓவியம் சேர்த்து, கச்சேரி நடத்தியே எதிராளிகள் அத்தனை பேரையும் வெல்லக்கூடிய ஒரு விளையாட்டு இருக்கிறது. பெயர் ‘சிவிலைசேஷன்’. கி.மு. 4000-இல் ஒரு சின்னக் கூட்டத்தோடு தொடங்கி, ஊர் அமைத்து, டர்ன் டர்னாக, அதாவது முறை வைத்து ஆடி, வரலாற்றை நகர்த்தி, விண்வெளி யுகம்வரை உங்கள் நாகரிகத்தை வளர்த்தெடுக்க வேண்டும்.

இதில் படைபலத்தைக் கணக்குப் போடுவது சுலபம். இவனிடம் பத்து வில்லாளி, அவனிடம் இருபது குதிரை, முடிந்தது! ஆனால் கலாசாரத்தை எப்படி எண்ணில் அளப்பது? அதன் வலிமையைக் கொஞ்சம் கூட்டினால் பிரம்மாஸ்திரம் ஆகிவிடும். கொஞ்சம் குறைத்தால் யாரும் சீண்டமாட்டார்கள். அந்தத் தராசு முள்ளை நடுவில் நிறுத்த இந்த விளையாட்டை உருவாக்கியவர்கள் 20 ஆண்டுகளுக்கும் மேலாகப் போராடியிருக்கிறார்கள். அந்தப் போராட்டத்தில் அவர்கள் கண்டெடுத்தது ஒரே ஒரு பாடம்தான்: தோற்கப்போகிறவருக்கு ஆபத்து வருவது முன்கூட்டியே தெரிய வேண்டும், அதைத் தடுக்க ஒரு வழியும் கையில் இருக்க வேண்டும். ஆச்சரியங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

1. முதல் இரண்டு பாகங்களில் கலாசாரமே கிடையாது... தெரியுமா?

சிட் மெய்யரும் புரூஸ் ஷெல்லியும் சேர்ந்து வடிவமைத்த முதல் ‘சிவிலைசேஷன்’ 1991-இல் மைக்ரோபுரோஸ் வெளியீடாக வந்தது. அதில் ஜெயிக்க இரண்டே வழி: எல்லோரையும் அழிப்பது, அல்லது ஆல்ஃபா சென்டாரி நட்சத்திரத்துக்கு விண்கலம் அனுப்புவது! கோயில் கட்டலாம், ஆனால் அதன் வேலை குடிமக்களின் முணுமுணுப்பை அடக்குவது மட்டும்தான். நாட்டுக்கு நாடு எல்லைக்கோடுகூடக் கிடையாது. உங்கள் தலைநகரத்துக்குப் பக்கத்திலேயே அடுத்தவர் வந்து ஊர் அமைப்பார். ‘இது என் நிலம்’ என்று சொல்ல உங்களிடம் எந்த ஆதாரமும் இருக்காது! இரண்டாம் பாகத்திலும் கலாசாரம் எட்டிப் பார்க்கவில்லை.

2. வரைபடத்தில் எல்லைக்கோட்டை வரைந்தது படை அல்ல, கோயில்!

2001-இல் ஃபிராக்ஸிஸ் நிறுவனத்தின் ‘சிவிலைசேஷன் 3’ வந்தது, எல்லாமே தலைகீழானது. ஒவ்வொரு கோயிலும், நூலகமும், பல்கலைக்கழகமும் டர்னுக்கு இவ்வளவு என்று கலாசாரப் புள்ளிகளை உற்பத்தி செய்ய ஆரம்பித்தன. ஒரு நகரம் 10 புள்ளிகளைத் தொட்டால் அதன் எல்லை விரியும். 100-ஐத் தொட்டால் மறுபடி விரியும். பிறகு 1,000, அப்புறம் 10,000! ஒரு கோயில் டர்னுக்கு 2 புள்ளி தரும். அப்படியானால் கட்டிய ஐந்தாவது டர்னில் முதல் விரிவு. பக்கத்தில் இருக்கும் இரும்புச் சுரங்கமோ குதிரை மேயும் புல்வெளியோ அந்த வட்டத்துக்குள் விழுந்தால் அது உங்களுடையது. படைவீரன் காலடி வைக்காத மலையையும் காட்டையும் பூசாரியின் மணியோசை பிடித்துத் தரும் அதிசயம் இது!

3. ஆயிரம் ஆண்டு பழைய கட்டடத்துக்கு இரட்டை மவுசு!

அதே மூன்றாம் பாகத்தில் இன்னொரு அற்புதமான விதி: ஒரு கட்டடத்துக்கு வயது 1,000 ஆண்டு ஆகிவிட்டால் அது தரும் கலாசாரம் இரண்டு மடங்காகும். இதில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. ஆட்டத்தின் தொடக்கத்தில் ஒரு டர்ன் என்பது பல பத்தாண்டுகள். கடைசிக் கட்டத்தில் ஒரு டர்ன் ஓர் ஆண்டாகச் சுருங்கிவிடும். ஆகவே கி.மு. 3000 வாக்கில் கட்டிய கோயில் கொஞ்ச டர்ன்களிலேயே பழம்பெருமை பெற்றுவிடுகிறது. 19-ஆம் நூற்றாண்டில் நீங்கள் கட்டும் கோயில் ஆட்டம் முடியும்வரை புதுக்கட்டடமாகவே நிற்கும்! கடைசி நேரத்தில் காசை வாரி இறைத்துக் கலாசாரத்தை வாங்கிவிடலாம் என்ற கனவு இங்கே பலிக்காது. பொறுமைக்குக் கிடைக்கும் பரிசு அது.

4. ஒரே நொடியில் ஒரு படையே மாயமான கதை தெரியுமா?

இப்போது வருகிறது பெரிய குளறுபடி! மூன்றாம் பாகத்தில், பக்கத்து நாட்டின் கலாசாரம் ஓங்கியிருந்தால் உங்கள் நகரம் தானாகவே கட்சி மாறி அந்த நாட்டோடு சேர்ந்துவிடும். நகரத்தில் எத்தனை பேர் வேற்று நாட்டு வம்சாவளி, இரண்டு தலைநகரங்களும் எவ்வளவு தூரம், இரு நாடுகளின் மொத்தக் கலாசார விகிதம் என்ன, நகரத்தில் கலவரம் நடக்கிறதா, காவல்படை எவ்வளவு என்று எல்லாமே அந்தக் கணக்கில் சேரும்.

நினைத்துப் பாருங்கள். படாதபாடு பட்டு முற்றுகையிட்டு ஒரு நகரத்தைப் பிடிக்கிறீர்கள். காயம்பட்ட வீரர்களை ஓய்வுக்காக உள்ளே நிறுத்துகிறீர்கள். அடுத்த டர்னைத் திறந்தால் ஓர் அறிவிப்பு: நகரம் பழைய எஜமானரிடமே போய்விட்டது. உள்ளே இருந்த படை? ஒரு ஆள்கூட மிச்சமில்லை, மொத்தமும் மாயம்!

இதற்கு ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்த மாற்றுவழிதான் நெஞ்சைப் பதற வைப்பது. சிலர் படையை ஊருக்கு வெளியே நிறுத்தினார்கள். சிலர் ஊருக்குள் பட்டினி போட்டு மக்கள்தொகையைக் குறைத்தார்கள். பலர் பிடித்த கையோடு நகரத்தையே கொளுத்தினார்கள்! அமைதியான வெற்றிக்காக எழுதப்பட்ட விதி, ஊரை எரிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டது. விதி தப்பானதல்ல. முன்னெச்சரிக்கை இல்லை, நம்பகமான தடுப்பும் இல்லை, ஓட்டை அங்கேதான்.

5. ஒரே ஊரால் உலகத்தை ஜெயிக்கலாம்!

மூன்றாம் பாகத்தில் கலாசார வெற்றிக்கு இரண்டு கதவுகள். ஒரே ஒரு நகரம் 20,000 புள்ளிகளைத் தொட வேண்டும். அல்லது நாடு முழுவதும் சேர்த்து 1,00,000! இரண்டாவது கதவுக்கு ஒரு கூடுதல் பூட்டும் உண்டு: அடுத்த இடத்தில் இருப்பவரைவிட இரண்டு மடங்கு கலாசாரம் உங்களிடம் இருந்தாக வேண்டும். வெறுமனே நாடு பெரிதாக இருப்பதால் தானாக வந்து விழும் வெற்றியை அந்தப் பூட்டு தடுத்தது. இரண்டாம் இடத்தில் இருப்பவர் தன் கலாசாரத்தைக் கொஞ்சம் ஏற்றினாலே போதும், முதலிடத்துக்காரர் காத்திருக்க வேண்டியதுதான்!

6. கலவரமே அபாயச் சங்கு!

2005-இல் சோரன் ஜான்சன் தலைமையில் ‘சிவிலைசேஷன் 4’ வந்தபோது அந்த ஓட்டையை அடைத்த அழகைப் பாருங்கள். நகரம் இப்போதும் கட்சி மாறும். ஆனால் சத்தமில்லாமல் மாறாது. முதலில் கலவரம் வெடிக்கும். அதுதான் உங்களுக்கான எச்சரிக்கை. உடனே காவல்படையைக் கூட்டினால் ஆபத்து குறையும். போரில் பிடித்த நகரம் கலாசாரத்தால் திரும்பிப் போகாது. அப்படித் திரும்ப வேண்டும் என்று நீங்கள் விரும்பினால் மட்டும் தனியாக ஒரு தேர்வை முடுக்கிக்கொள்ளலாம்.

இன்னொரு விந்தை: கலாசாரமே கோட்டைச் சுவராகவும் மாறியது! நகரத்தின் கலாசாரப் படி ஏற ஏற அதன் தற்காப்பு 20%, 40%, 60%, 80% என்று உயர்ந்து, உச்சப் படியில் 100% கூடும். நாடகமும் இசையுமாகவே காலம் கழித்த ஊரைப் பிடிக்க எதிரி பீரங்கியோடு வந்து பல டர்ன் மெனக்கெட வேண்டும்.

7. மூன்று ஊர் ஜெயிக்க ஒன்பது ஊர் தேவை... கணக்கு தெரியுமா?

நான்காம் பாகத்தில் கலாசார வெற்றி வேண்டுமானால் மூன்று நகரங்கள் தலா 50,000 புள்ளிகளைத் தொட வேண்டும். இது வழக்கமான வேகத்தில் ஆடும்போது. துரித ஆட்டத்தில் 25,000. மாரத்தான் ஆட்டத்தில் 1,50,000!

இதற்கு மதங்கள் கைகொடுக்கும். பௌத்தம், இந்து மதம், யூதம், கன்ஃபூசியம், தாவோயியம், கிறிஸ்தவம், இஸ்லாம் என்று ஏழு மதங்கள். ஒரு மதத்துக்கு ஒரு பலம், இன்னொன்றுக்கு ஒரு பலவீனம் என்ற பேச்சே இல்லை. ஏழுக்கும் ஒரே விதி! ஒவ்வொரு மதத்தின் பெருங்கோயிலும் அந்த நகரத்தின் கலாசாரத்தை 50% கூட்டும். ஆனால் நடுத்தர அளவு வரைபடத்தில் ஒரு பெருங்கோயில் கட்ட அதே மதத்துக்கு மூன்று சிறுகோயில்கள் இருந்தாக வேண்டும். மூன்று நகரங்களிலும் பெருங்கோயில் வேண்டும் என்றால் ஒன்பது சிறுகோயில்கள். ஆக, ஒன்பது ஊர்! பேராசைப்பட்டு 20 ஊர் அமைத்தால் பராமரிப்புச் செலவு கழுத்தை நெரிக்கும். மூன்றோடு நிறுத்திக்கொண்டால் ஒரு மதத்துக்கு ஒரே ஒரு பெருங்கோயில்தான் கிடைக்கும். ஒரே ஒரு சின்ன விதி, பேரரசின் அளவையே தீர்மானித்துவிட்டது பார்த்தீர்களா?

மாபெரும் கலைஞர் ஒருவரை ஒரு நகரத்தில் அமர்த்திப் படைப்பை வெளியிடச் செய்தால் ஒரேயடியாக 4,000 புள்ளிகள் சேரும். கலைஞர்களை மட்டும் நம்பி ஒரு நகரம் 50,000-ஐத் தொட வேண்டும் என்றால் 13 பேர் தேவை! ஆகவே கலைஞர் கடைசித் தூரத்தைக் கடக்க உதவுவாரே ஒழிய, முழுத் தூரத்தையும் அவர் தலையில் கட்ட முடியாது.

8. விளையாட்டுக்குள் இருந்த பாட்டு கிராமி விருது வாங்கியது!

நான்காம் பாகத்தின் முகப்பில் ஒலிக்கும் ‘பாபா யெட்டு’, சுவாஹிலி மொழியில் அமைந்த கர்த்தரின் ஜெபம். இசையமைத்தவர் கிறிஸ்டோபர் டின். 2011-இல் அது கிராமி வென்றது. வீடியோ கேமுக்காக உருவான இசை கிராமி வாங்கியது அதுவே முதல்முறை! கலாசாரத்தை விளையாட்டாக்கப் போனவர்கள் விளையாட்டையே கலாசாரமாக்கிவிட்டார்கள்.

9. ஊர் கூடக்கூடக் கலாசாரம் தூரப் போகும்!

2010-இல் ஜான் ஷேஃபர் தலைமையில் வந்த ‘சிவிலைசேஷன் 5’-இல் கலாசாரப் புள்ளிகளைச் செலவு செய்து சமூகக் கொள்கைகளை வாங்கலாம். ஐந்து கொள்கை மரங்களை முழுமையாக முடித்து, ‘யுடோபியா’ என்ற திட்டத்தையும் கட்டி முடித்தால் வெற்றி. ஒரு மரத்துக்குத் திறப்பு ஒன்று, கொள்கை ஐந்து. ஆக மொத்தம் 30 படிகள்!

வியப்பு இதுதான்: நீங்கள் அமைக்கும் ஒவ்வொரு புது நகரமும் அடுத்த கொள்கையின் விலையை ஏற்றிவிடும். தொடக்கப் பாகங்களில் ஊர் ஊராகப் பரப்பிக்கொண்டே போவதுதான் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் தந்திரம். இங்கே அது எடுபடாது. மூன்று நான்கு ஊர்களை மட்டும் வைத்துச் செதுக்கியவர், பதினைந்து ஊர் வைத்திருந்தவரை முந்தினார். குட்டி நாடும் கொடிகட்டிப் பறக்கலாம் என்று விளையாட்டு முதன்முறையாக உரத்துச் சொன்னது!

ஆனால் ஒரு குறை மிஞ்சியது. ஒருவர் தன் மூலையில் உட்கார்ந்து 30 கொள்கையையும் அமைதியாக முடித்துக்கொண்டிருப்பார். மற்றவர்கள் அதைத் தடுக்க ஒரே வழி, படையெடுப்பு. கலாசாரத்துக்குக் கலாசாரத்தாலேயே பதில் சொல்ல வழியில்லை!

10. கலாசாரம் கேடயம், சுற்றுலா வாள்!

இந்த வரிசையின் ஆகப்பெரிய மூளைச்சலவை... அல்ல, மூளைவெளிச்சம் இது! 2013-இல் எட் பீச் தலைமையில் ஐந்தாம் பாகத்துக்கு வந்த ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ என்ற கூடுதல் தொகுப்பு, கலாசாரத்தை இரண்டாகப் பிரித்தது. உங்கள் மக்கள் ஆதி நாளிலிருந்து சேர்த்துவைத்த மொத்தக் கலாசாரம் உங்களைக் காக்கும் கேடயம். உங்கள் கலைப்படைப்புகளும் அதிசயங்களும் வெளிநாட்டாரை ஈர்க்கும் சக்தி, அதாவது சுற்றுலா, உங்கள் வாள். ஒரு நாட்டின் மீது நீங்கள் செலுத்திய மொத்தச் சுற்றுலா, அந்த நாட்டின் மொத்தக் கலாசாரத்தைத் தொட்டுவிட்டால் அங்கே நீங்கள் செல்வாக்கு மிக்கவர். எல்லா நாடுகளிலும் அந்த நிலையை எட்டினால் வெற்றி!

கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். எதிராளி இதுவரை சேர்த்த கலாசாரம் 6,000; டர்னுக்கு இன்னும் 60 சேர்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சுற்றுலா டர்னுக்கு 100. அவர் 60 ஏற, நீங்கள் 100 ஏற, இடைவெளி டர்னுக்கு 40 குறையும். ஆக, அவரைப் பிடிக்க 150 டர்ன்! இப்போது அவரோடு எல்லைத் திறப்பு ஒப்பந்தம் போடுங்கள்: சுற்றுலா 25% கூடும். ஒரு வணிகப் பாதையும் திறங்கள்: மேலும் 25%. உங்கள் சுற்றுலா 150 ஆகிறது. 67 டர்னில் வேலை முடிந்தது!

ஆனால் அவர் உங்களுக்கு நேர்மாறான அரசியல் சித்தாந்தத்தைத் தேர்ந்தெடுத்து, எல்லையை மூடி, வணிகத்தையும் வெட்டினால்? உங்கள் சுற்றுலாவில் 34% போய்விடும். மிஞ்சுவது 66. அவர் டர்னுக்கு 60 சேர்க்கிறார், நீங்கள் 66 செலுத்துகிறீர்கள். அவரைப் பிடிக்க 1,000 டர்ன் ஆகும்! வழக்கமான ஆட்டம் மொத்தமே 500 டர்ன்தான். ஒரு துளி ரத்தம் சிந்தாமல், ஒரு கையெழுத்தை மறுத்தே ஒருவர் தன் நாட்டைக் காப்பாற்றிக்கொள்ளலாம். தராசு முள் நடுவில் வந்து நின்ற தருணம் இதுதான்.

11. எதிரி மன்னர் உங்கள் ஜீன்ஸைப் பார்த்துப் புலம்புவார்!

ஐந்தாம் பாகத்தில் உங்கள் செல்வாக்கு எல்லை மீறும்போது அயல்நாட்டுத் தலைவர்கள் உங்களிடம் வந்து குறைபட்டுக்கொள்வார்கள்: ‘எங்கள் மக்கள் உங்கள் நீல ஜீன்ஸை வாங்குகிறார்கள், உங்கள் பாப் பாட்டைக் கேட்கிறார்கள்’ என்ற தோரணையில்! அது வெறும் வசனமல்ல. உங்கள் சித்தாந்தம் வேறு, அவர்களுடையது வேறு என்றால், உங்கள் செல்வாக்கு ஏற ஏற அவர்கள் நாட்டில் அதிருப்தி பெருகும். அது முற்றிப்போனால் அவர்களுடைய நகரமே பிரிந்து எதிர்முகாமுக்கு ஓடும். சமாளிக்க வழி? சித்தாந்தத்தையே மாற்றிக்கொள்ளலாம், இல்லையென்றால் சொந்தக் கலாசாரத்தை உயர்த்தலாம். முடிவு அவர்கள் கையில்!

12. நீங்கள் போட்ட சண்டையே பின்னாளில் புதையல்!

இதைக் கேட்டால் சிலிர்க்கும். ஐந்தாம் பாகத்தில் தொல்லியல் துறை வளர்ந்ததும் வரைபடத்தில் அகழாய்வுத் தளங்கள் முளைக்கும். அவை இஷ்டத்துக்குத் தூவப்பட்டவை அல்ல. அதே ஆட்டத்தில் பல நூறு டர்னுக்கு முன் போர் நடந்த இடம், காட்டுமிராண்டி முகாம் எரிந்த இடம் போன்றவைதான் தளங்களாகின்றன! தோண்டினால் எந்த நாகரிகம், எந்தக் காலம் என்ற விவரத்தோடு பொருள் கிடைக்கும். அதை அருங்காட்சியகத்துக்கு அனுப்பலாம். அல்லது அந்த இடத்தையே நினைவுச் சின்னமாக்கலாம். அடுத்தவர் நாட்டில் தோண்டிப் பொருளை எடுத்துவந்தால் அவர் கோபம் நிச்சயம். அங்கேயே நினைவுச் சின்னம் எழுப்பிக் கொடுத்தால் உறவு மலரும். கொள்ளையா, கொடையா என்பதைக் கலாசார விதியே கேட்கிறது!

13. லூவரில் நான்கு பொருள்... நான்கும் வேறு வேறு நாட்டிலிருந்து!

படைப்புகளைச் சேர்த்தால் மட்டும் போதாது, அடுக்கத் தெரிய வேண்டும். ஐந்தாம் பாகத்தின் லூவர் அருங்காட்சியக அதிசயத்தில் இரண்டு ஓவியங்கள், இரண்டு தொல்பொருள்கள். நான்கும் வேறு வேறு காலம், வேறு வேறு நாகரிகமாக இருந்தால்தான் முழுப் போனஸ். சொந்த ஓவியங்களையே அடுக்கிக்கொண்டிருந்தால் அது கிடைக்காது. போட்டியாளரிடம் பண்டமாற்று செய்தாக வேண்டும்! ஜெயிக்கத் துடிப்பவரையும் எதிராளியின் வாசலுக்கு அனுப்பிவைக்கிறது இந்த விதி.

14. அச்சு இயந்திரம் வந்தால் எழுத்தாளருக்கு யோகம்!

2016-இல் வந்த ‘சிவிலைசேஷன் 6’-இல் அச்சுக்கலையைக் கண்டுபிடித்ததும் எழுத்துப் படைப்புகள் ஈர்க்கும் சுற்றுலா இரண்டு மடங்காகும். எதிராளி நாட்டில் அறிவொளிக் காலம் பிறந்தால், மதச் சின்னங்களுக்காக அங்கிருந்து வரும் கூட்டம் பாதியாகக் குறையும்! ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் இறங்கும்படி வரலாற்றிலிருந்தே எடைக்கற்களை எடுத்திருக்கிறார்கள். இதே பாகத்தில், சேர்த்த கலாசாரம் ஒவ்வொரு 100-க்கும் ஓர் உள்நாட்டுச் சுற்றுலாப் பயணி கணக்கில் ஏறுவார். நீங்கள் இழுத்துவந்த வெளிநாட்டுப் பயணிகள், மற்ற ஒவ்வொரு நாட்டின் உள்நாட்டுப் பயணிகளையும்விட அதிகமானால் வெற்றி உங்களுக்கே.

15. ஒரே கிரேக்கம், இரண்டு தலைவர், இரண்டு கலாசாரம்!

ஆறாம் பாகத்தில் கிரேக்கத்தைப் பெரிக்ளிஸும் ஆளலாம், ஸ்பார்ட்டாவின் கோர்கோவும் ஆளலாம். பெரிக்ளிஸ் நட்புக் கரம் நீட்டித் தன் பக்கம் சேர்க்கும் ஒவ்வொரு நகர அரசுக்கும் அவருடைய கலாசாரம் 5% கூடும். கோர்கோவோ, வீழ்த்தும் ஒவ்வொரு எதிரிப் படையின் வலிமையில் பாதியைக் கலாசாரமாக அள்ளுவார்! ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் ஒரே இலக்கை நோக்கி எதிரெதிர்ப் பாதையில் ஓடும் காட்சி. அதே பாகத்தில் மாவோரிகளின் கூப்பே மாபெரும் எழுத்தாளர்களை ஒருபோதும் பெற முடியாது. ஆனால் அவருடைய மாராய் மண்டபம் காட்டையும் சதுப்பு நிலத்தையுமே கலாசாரமாக மாற்றித் தரும்!

16. ஓவியத்தால் ஊரைப் பறிக்கும் அரசி!

ஆறாம் பாகத்துக்கு 2018-இல் வந்த ‘ரைஸ் அண்ட் ஃபால்’ தொகுப்பு, கட்சி மாறும் நகரங்களைத் திரும்பக் கொண்டுவந்தது. இந்த முறை விசுவாசம் என்ற பெயரில், 100-க்கு எவ்வளவு என்று கண்ணெதிரே தெரியும் எண்ணாக! ஒன்பது கட்டத் தூரத்துக்குள் இருக்கும் எல்லாக் குடிமக்களும் நகரத்தைத் தங்கள் பக்கம் இழுப்பார்கள். பொற்காலத்தில் இருக்கும் நாட்டின் குடிமகன் ஒன்றரை ஆளாக இழுப்பான். இருண்ட காலத்தில் பாதி ஆளாகத்தான். அதாவது பத்துப் பேர் இருக்கும் ஊர் பொற்காலத்தில் 15, இருண்ட காலத்தில் 5! எண் சரிவதைப் பார்த்ததுமே ஓர் ஆளுநரை அனுப்பினால் டர்னுக்கு 8 விசுவாசம் கூடும். நகரம் கைநழுவினாலும் நேராக எதிரியிடம் போகாது. முதலில் சுதந்திர நகரமாக நிற்கும். மீட்டெடுக்க அவகாசம் உண்டு.

இந்த விதியை வளைக்க ஒருவரால்தான் முடியும்: அக்கிட்டேனின் எலினோர்! பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் நிஜ வரலாற்றில் அரசியாக இருந்தவர். விளையாட்டிலும் இரண்டு நாட்டையும் ஆளலாம். அவர் நகரத்தில் இருக்கும் ஒவ்வொரு கலைப்படைப்பும் அக்கம்பக்கத்து அயல் நகரங்களின் விசுவாசத்தை டர்னுக்கு ஒன்று குறைக்கும். அப்படி நழுவும் நகரம் சுதந்திரக் கட்டத்தைத் தாண்டி நேராக அவர் மடியில் வந்து விழும்!

17. ராக் இசைக்குழுதான் இறுதி ஆயுதம்... அதற்கும் தடை உண்டு!

அதே ஆறாம் பாகத்துக்கு 2019-இல் வந்த ‘கேதரிங் ஸ்டார்ம்’ தொகுப்பில் ராக் இசைக்குழுக்களை அயல்நாட்டுக்கு அனுப்பலாம். அதிசயங்கள், அரங்கங்கள், தேசியப் பூங்காக்கள் என்று கச்சேரி நடத்தி ஒரே அடியில் சுற்றுலாவை அள்ளுவார்கள். எல்லை மீறிய பலம் அல்லவா? அதற்குத்தான் மூன்று கடிவாளம்! குழுவை நம்பிக்கைப் புள்ளி கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அடுத்தடுத்த குழுவின் விலை ஏறிக்கொண்டே போகும். கச்சேரி சொதப்பினால் குழு கலைந்துவிடும். எதிராளியோ ‘இசைத் தணிக்கை’ என்ற கொள்கையை எடுத்தால் அந்நியக் குழுக்கள் உள்ளே நுழையவே முடியாது. ஆனால் அந்தக் கொள்கைக்காக வேறொரு நல்ல கொள்கையை அவர் விட்டுத்தர வேண்டும். தற்காப்புக்கும் ஒரு விலை!

18. இரண்டு கலாசாரம் கலந்து மூன்றாவது பிறக்கும்!

ஸ்வீடனின் பாரடாக்ஸ் நிறுவனத்தார் வேறு பாதையில் போனார்கள். அவர்களுடைய ‘குருசேடர் கிங்ஸ் 3’ என்ற விளையாட்டின் 2022 தொகுப்பான ‘ராயல் கோர்ட்’டில், ஒரே ஆட்சியின் கீழ் வாழும் இரண்டு கலாசாரங்களுக்கிடையே ஏற்பு மெல்ல மெல்ல வளரும். போதுமான அளவு வளர்ந்தால் இரண்டையும் இணைத்துப் புதுக் கலாசாரம் படைக்கலாம்! இரண்டின் சிறந்த மரபுகளையும் பொறுக்கிக்கொள்ளலாம் என்பதால் இது பெரும் சக்தி. அதனால்தான் சட்டென்று கிடைக்காது. மன்னரின் கௌரவத்தைக் கொட்டிக்கொடுக்க வேண்டும்.

19. மணிக்கிராமமும் அஞ்சுவண்ணமும் கேமுக்குள் வந்துவிட்டன... தெரியுமா?

2025 பிப்ரவரியில் வெளியான ‘சிவிலைசேஷன் 7’-இல் நம் சோழர்கள் இருக்கிறார்கள்! கடல்கடந்த தேடல்களின் யுகத்தில் களமிறங்கும் நாகரிகம். அவர்களுக்கே உரிய கட்டடங்கள் மணிக்கிராமம், அஞ்சுவண்ணம். இரண்டையும் ஒரே இடத்தில் எழுப்பினால் அது ஐந்நூற்றுவர் என்ற தனிச்சிறப்புக் குடியிருப்பாக மலரும். மூன்றுமே கல்வெட்டுகளில் வாழும் வணிகக் குழுக்களின் பெயர்கள் என்பதை அறிந்த தமிழ் வாசகருக்கு மெய்சிலிர்க்காதா! முதலாம் ராஜராஜன் 1010-இல் கட்டி முடித்த தஞ்சைப் பெரிய கோயிலும் உலக அதிசயங்களுள் ஒன்றாக இதில் நிமிர்ந்து நிற்கிறது. அதிசயத்தை ஒருவர்தான் கட்ட முடியும் என்பது விதி. மெக்சிகோவிலோ மலேசியாவிலோ இருக்கும் யாரோ ஒருவர் பெரிய கோயிலைக் கட்டப் போட்டி போட்டுக்கொண்டிருப்பார் இந்நேரம்!

2025-இல் வெளியான வடிவில், கலாசாரப் பாதையும் இங்கே யுகத்துக்கு யுகம் மாறியது. பழங்காலத்தில் ஏழு அதிசயங்கள் கட்டுவது இலக்காக இருந்தது. நவீன யுகத்தில் 15 தொல்பொருள்களைச் சேர்த்து, பிறகு உலகக் கண்காட்சியைக் கட்டி முடிக்க வேண்டியிருந்தது. தொல்பொருள்கள் எண்ணிக்கையில் அளவோடுதான் இருந்தன. நீங்கள் ஒன்றைத் தோண்டினால் எதிராளிக்கு ஒன்று குறைந்தது. போட்டி நேருக்கு நேர்!

கோயில் வெறும் நிம்மதி தரும் கட்டடமாக இருந்த 1991 எங்கே, கச்சேரிக்கும் தணிக்கைக்கும் இடையே உலகத்தின் தலையெழுத்து ஊசலாடும் இன்றைய ஆட்டம் எங்கே! கலாசாரத்துக்கு வலிமை உண்டு என்று சொல்வது எல்லோருக்கும் எளிது. அது எவ்வளவு வலிமை, எவ்வளவு நாளில் பலிக்கும், எதைக் கொண்டு தடுக்கலாம் என்று எண்ணில் எழுதிக் காட்டத் துணிந்தவர்கள் இந்த வடிவமைப்பாளர்கள். அவர்கள் பிசகிய இடங்களிலெல்லாம் பிசகு ஒன்றுதான்: எதிராளிக்குப் பதில் சொல்ல வாய்ப்பில்லாமல் போனது. வென்ற இடங்களிலெல்லாம் அந்த வாய்ப்பைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆடப்போகிறீர்களா? படை வரிசையைப் பார்க்கும் அதே கவனத்தோடு பத்து டர்னுக்கு ஒருமுறை கலாசாரப் பட்டியலையும் திறந்து பாருங்கள். அங்கே ஏறிவரும் எண்ணைத் தடுக்க எப்போதும் ஏதோ ஒரு வழி இருக்கும். பார்த்தவருக்கு மட்டும்தான் அது கைகொடுக்கும்!